கூலிக்காரன் வீட்டுக்கும் குளிர்ந்த கூரை வேண்டும்

(கீழக்குயில்குடியில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சித்திரை மாதம் பொழுது சாய்ந்த பிறகு நம் சமணர் மலைப் பாறையில் உட்கார்ந்து பாருங்கள். சூரியன் போய்விட்டாலும் பாறை சுடும். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும். நம் வீட்டுக் காங்கிரீட் தளமும் அப்படித்தான். அதனால்தான் நடுச்சாமத்திலும் குழந்தைகள் புழுங்கி அழுகின்றன. இரவு ஷிப்ட்டு முடித்துப் பகலில் படுக்கும் மில் தொழிலாளி கண் மூட முடிவதில்லை. தூக்கமில்லாத கண்ணோடு மறுபடி மிஷின் முன்னால் நிற்கிறான். விபத்து வேறு எப்படி வரும்?

"வெயிலை என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்கிறார்கள். வெயில் இயற்கை, யார் தலைக்கு மேல் எந்தக் கூரை என்பது இயற்கையல்ல.

நம் கூரைகளைக் கணக்குப் பார்ப்போம். பனையோலையும் கிடுகும் குளிர்ச்சிதான். ஆனால் அடிக்கடி மாற்றி வேய வேண்டும். ஒரு பொறி பட்டால் சாம்பல். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளியில் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை மறக்க முடியுமா? தகரம் வெயிலில் அடுப்பாகிவிடும். கல்நார் ஷீட்டை அறுத்தாலும் உடைத்தாலும் பறக்கும் தூசி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஓடு நல்லது, ஆனால் மரச்சட்டம் வாங்கக் கூலிக்காரனிடம் பணம் ஏது?

ஆகவே காங்கிரீட் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை வெறுமனே வெயிலில் காயவிடாதே என்கிறோம். நம் பெரியவர்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் போட்டு, தட்டோடு பதித்தார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் காங்கிரீட்டுக்குள்ளேயே ஓடுகளை வைத்துத் தளம் போட்டார். சிமெண்டும் கம்பியும் மிச்சம், சூடும் குறைவு. முதலமைச்சராக இருந்த தோழர் அச்சுத மேனன் அவருக்குத் துணை நின்றார்.

இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, பிடிப்புக்கு வஜ்ஜிரம் சேர்த்து, கூட்டிக் கழுவிய தளத்தில் இரண்டு கை அடியுங்கள். சுண்ணாம்பு நீற்றும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பங்கைத் திருப்பியனுப்பும். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். மழையில் கரையும், ஆகையால் ஒவ்வோர் ஆண்டும் மாசியில் அடிக்க வேண்டும். ஆமதாபாத்தில் 2017-ல் ஏழைகளின் கூரைகளுக்கு நகராட்சியே முன்னின்று வெள்ளையடித்தது. தெலுங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கையே வகுத்தது.

நம் சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லது. ஆனால் சாகாமலிருக்க ஒரு வாளி சுண்ணாம்புக்கு வழியில்லையா?

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். தளத்தைக் குளிரவைக்கும் வேலைக்கு அதற்கு மேல் தனியாகப் பணம் கொடு என்று கேட்போம். பழைய வீடுகளுக்கு ஆண்டுதோறும் ஊராட்சியே வெள்ளையடிக்கட்டும். அந்த வேலையை நம் ஊர் ஆட்களுக்கே கூலி கொடுத்துத் தரட்டும். கல்நார் ஷீட்டைப் பத்திரமாகக் கழற்றி மாற்றுக் கூரை போட்டுத் தரட்டும்.

அடுத்த கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாக வைப்போம். ஒருவர் போனால் மனு. ஊரே போனால் தீர்மானம். வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள்!