இரு பெயருக்கு நடுவே ஒரு கோடு

கைபேசியில் தொடர்பு எண்களின் பட்டியலைத் திறக்கிறோம். ஒரு பெயருக்கும் மறு பெயருக்கும் நடுவே மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஓடுகிறது. அதனை நாம் கவனிப்பதில்லை. கவனிக்காத வரையில் அது தன் பணியைச் செவ்வனே செய்கிறது என்றே கொள்ளலாம். தமிழில் எழுதிய பெயர்கள் பல சமயம் இரண்டு வரியாக மடிந்து விழும். கோடு மறைந்தால் எவ்வரி எவருடையது என்பது குழம்பும். நள்ளிரவில் மருத்துவரை அழைக்க எண்ணி வேறொருவரை எழுப்பிவிடுவோம்.

செயலி ஆக்குவோர் தாமே பட்டியல் வரையும்பொழுது, கைபேசியின் சொந்தக் கோட்டோடு தம் கோடும் ஒத்திருக்க விழைவது இயல்பு. ஐபோனை எடுத்துக்கொள்வோம். 2013-இல் வந்த ஐ.ஓ.எஸ். 7 முதற்கொண்டு அக்கோடு சிவப்பு 200, பச்சை 199, நீலம் 204 என்னும் கலவையாக இருந்தது. பலர் இவ்வெண்களை அப்படியே தம் செயலியில் எழுதிவைத்தனர். சில ஆண்டுகள் குறையின்றிக் கழிந்தன. 2019-இல் ஐ.ஓ.எஸ். 13 இருள் தோற்றத்தைக் கொணர்ந்தது. பின்னணி கறுத்தது, எழுதிவைத்த கோடோ வெளிறியே நின்றது. கண்ணுக்கு இதம் வேண்டி இருளை நாடியவர் முன், சுண்ணாம்பால் கிழித்தாற்போல் வரிக்கு வரி பளிச்சிட்டது. கறுப்பை மெலிதாகப் பூசிக் கோடாக்கியோர் செயலியிலோ, கோடு இருளில் கரைந்தே போயிற்று.

எண்ணை நகலெடுத்ததே பிழை என்பது நம் கருத்து. அதே பதிப்பில் ஆப்பிள் நிறுவனம் ‘செபரேட்டர்’ என்னும் பெயரை அளித்தது. அப்பெயரைச் சொல்லிக் கேட்டால், வெளிச்சத்தில் 60, 60, 67 என்னும் நிறம் நூற்றுக்கு 29 பங்கு அழுத்தத்தில் கிட்டும். இருளில் 84, 84, 88. வெள்ளைப் பின்னணியில் இது பழைய சாம்பலை ஏறக்குறைய ஒத்தே வருகிறது என்பது சுவையான செய்தி! ஆண்ட்ராய்டிலும் ‘லிஸ்ட் டிவைடர்’ என்னும் பெயரால் தோற்றத்திற்கேற்ற கோட்டைக் கேட்டுப் பெறலாம்.

பெயரைக் கேட்டும் இடறுவோர் உளர். ஐபோனில் ‘லேயர்’ மீது ஓரம் வரைவோர் அந்நிறத்தைச் ‘சிஜி கலர்’ ஆக மாற்றி ஒப்படைக்கின்றனர். மாற்றிய கணமே அது மீண்டும் வெறும் எண்ணாகிவிடும். தோற்றம் மாறினும் தான் மாறாது. ஆதலின் தோற்றம் மாறுந்தோறும் புதிதாகக் கேட்டு அமைத்தல் வேண்டும். சிறியதொரு ‘வியூ’வின் பின்னணி நிறமாகச் செபரேட்டரை வைத்துவிட்டால் அத்தொல்லையும் இல்லை, அது தானே மாறிக்கொள்ளும். அதன் உயரத்தை மட்டும் ஒரு பாயிண்ட் என வைத்துவிடலாகாது. மும்மடங்குத் திரையில் அது மூன்று பிக்சல் தடிக்கும். நிறம் சரியாயிருந்தும் கோடு கனத்துத் தோன்றும். ஒரு பிக்சலே போதும்.