சளிதானே என்று விட்டுவிடாதீங்க

மழை வந்தால் பாவு நனைஞ்சிடுமேன்னு பதறுகிற நாம், பிள்ளை இருமினால் "சளிதானே" என்று விட்டுவிடுகிறோம். சாதாரண சளிக்குக் கஞ்சி, வெந்நீர், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். பழைய மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீங்க.

ஆனால் பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் போனால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தறியில் பாதிச் சேலை இருக்கேன்னு தள்ளிப்போடாதீங்க.

நிமோனியா தடுப்பூசி 6, 14-வது வாரங்களிலும் 9-வது மாதத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அடுத்த குழுக் கூட்டத்தில் மூச்சு எண்ணிப் பழகுவோம்.