பதில் வராத ஏபிஐயும் கேட்ல நிக்கிற லாரியும்

வழக்கம்போல எம்.கே.பி. நகர்ல இருந்து பேசறேன். இன்னைக்கு டாபிக், குடோன் சாஃப்ட்வேரை மத்த சிஸ்டங்களோட ஏபிஐ வழியா இணைக்கிறது. கேக்க கொஞ்சம் சப்புன்னு இருக்கலாம். ஆனா ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் நம்ம பக்கம் முழுக்க இந்தத் தொழில்லதான் ஓடுது. இந்தப் பக்கம் சென்னை துறைமுகம், அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டி காட்டுப்பள்ளி. நடுவுல மணலி, மாதவரம், திருவொற்றியூர்னு கன்டெய்னர் யார்டும் குடோனும். நம்ம ஏரியாவுல நிறைய வீட்ல யாராவது ஒருத்தர் டிரெய்லர் டிரைவரா, லோடுமேனா, குடோன் கிளார்க்கா இருப்பாங்க. அதனால இது அவங்க வீட்டு விஷயமும்கூட.

இன்ஜினியரிங் முடிச்சுட்டு வர்ற தம்பி தங்கச்சிங்க அடிக்கடி கேக்கறது இது: "ப்ரோ, ஏபிஐ இன்டக்ரேஷன்னா ரெண்டு சிஸ்டத்தை கனெக்ட் பண்றதுதானே? ரெண்டு நாள் வேலைதானே?" கனெக்ட் பண்றது ரெண்டு நாள் வேலைதான். ஆனா பதில் வரலைன்னா என்ன பண்றதுன்னு முடிவு பண்ண மாசக்கணக்கா ஆகும். இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

யாருக்கு என்ன தெரியும்?

ஒரு குடோன்ல சரக்கு வெளிய போகுதுன்னு வச்சுக்குவோம். அந்த ஒரு லோடைப் பத்தி குறைஞ்சது நாலு இடத்துல தகவல் இருக்கு. எந்த ரேக்ல இருந்து எத்தனை பெட்டி எடுத்தாங்கன்னு குடோன் சாஃப்ட்வேருக்குத் தெரியும். என்ன விலை, யாருக்கு பில்லுன்னு டேலிக்கோ எஸ்ஏபிக்கோ தெரியும். வரி விவரம் அரசாங்கத்தோட ஜிஎஸ்டி சிஸ்டத்துல இருக்கு. எந்த வண்டி, எந்த டிரைவர்ங்கிறது டிரான்ஸ்போர்ட்காரர் போன்லயும், கேட்ல இருக்கிற செக்யூரிட்டி நோட்டுலயும் இருக்கு.

ஏபிஐ எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுத வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒவ்வொரு தகவலுக்கும் முதலாளி யாரு? ஸ்டாக் எண்ணிக்கைக்கு குடோன் சாஃப்ட்வேர்தான் முதலாளி, விலைக்கு டேலி முதலாளின்னு முடிவு பண்ணிட்டா, மத்தவங்க எல்லாம் அதைக் கேட்டு வாங்கணும், தானா மாத்தக் கூடாது. ரெண்டு பக்கமும் ஸ்டாக்கை மாத்த விட்டீங்கன்னா, மாசக் கடைசியில ரெண்டு எண்ணுமே தப்பா இருக்கும். எது எப்போ தப்பாச்சுன்னும் கண்டுபிடிக்க முடியாது.

சின்ன உதாரணம். குடோன்ல 10-னு போட்டா 10 பெட்டி. பில்லிங்ல 10-னு போட்டா 10 பீஸ். ஒரு பெட்டியில 48 சோப்பு இருந்தா, 480 போக வேண்டிய இடத்துல 10 போகும். ஏபிஐ எரர் எதுவும் காட்டாது, 200 ஓகேன்னு பதில் வரும். ஏன்னா கணினிக்கு 10 சரியான எண்தான். அதனால எண்ணோட சேர்த்து அது என்ன அளவுன்னும் ஒவ்வொரு தடவையும் அனுப்பணும்.

டேலி தூங்கும்போது

நம்ம ஊர் சின்ன, நடுத்தர கம்பெனிகள்ல பெரும்பாலும் கணக்கு டேலியிலதான் இருக்கும். ஹெச்டிடிபி வழியா எக்ஸ்எம்எல் அனுப்பினா டேலி வாங்கிக்கும், வழக்கமா 9000-ங்கிற போர்ட்ல. ஆனா டேலி ஓடற அந்தக் கம்ப்யூட்டர் ஆன்ல இருக்கணும், கம்பெனி ஃபைலும் திறந்திருக்கணும். அக்கவுன்டன்ட் அக்கா சாயங்காலம் 6 மணிக்கு சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. குடோன்ல ராத்திரி 11 மணிக்கும் லோடு ஏறும்.

இங்க நேரடியா ஏபிஐ கால் பண்ணி, பதில் வந்தாதான் அடுத்த ஸ்க்ரீன்னு டிசைன் பண்ணா, ராத்திரி ஷிஃப்ட் மொத்தமும் நின்னுடும். நடுவுல ஒரு க்யூ வேணும். லோடு ஏறின தகவல் க்யூவுல உட்காரும். காலையில டேலி எழுந்ததும் வரிசைப்படி உள்ள போகும். ரேஷன் கடையில பையை வரிசையில வச்சுட்டு வீட்டுக்குப் போவோமே, அதே ஐடியாதான். ஆள் இல்லன்னாலும் இடம் போகாது.

அரசாங்க ஏபிஐ சொல்லித் தர்ற பாடம்

கணக்கு காலையில போனாலும் பரவாயில்ல, சில விஷயம் லாரி கிளம்பறதுக்கு முன்னாடி முடிஞ்சே ஆகணும். அதுதான் இ-இன்வாய்ஸும் இ-வே பில்லும்.

மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கு இ-வே பில் 2018 ஏப்ரல் 1-ல ஆரம்பிச்சுது. தமிழ்நாட்டுக்குள்ள போற சரக்குக்கு அதே வருஷம் ஜூன் 2. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-ல, 500 கோடிக்கு மேல விற்பனை இருக்கிற கம்பெனிகளுக்கு வந்துச்சு. படிப்படியா இறங்கி 2023 ஆகஸ்ட் 1-ல இருந்து 5 கோடியைத் தாண்டினவங்களுக்கும் கட்டாயம் ஆச்சு. மாதவரத்துல ஒரே ஒரு குடோன் வச்சிருக்கிறவரும் ஏபிஐக்குள்ள வந்தது இப்படித்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். நீங்க ஒரு இன்வாய்ஸை ஜேசனா அரசாங்க போர்ட்டலுக்கு அனுப்பறீங்க. மூணுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, சரின்னு பதில் வரும். ரெண்டு, தப்புன்னு பதில் வரும். மூணாவது, பதிலே வராது, டைம்அவுட். முதல் ரெண்டுக்கும் கோட் எழுதறது ஈஸி. மூணாவதுலதான் சிக்கல். போச்சா போகலையான்னு உங்களுக்குத் தெரியாது. திரும்ப அனுப்பினா ரெண்டு பில் ஆகிடுமோன்னு பயம். அனுப்பலைன்னா லாரி கிளம்ப முடியாது.

இதுக்கு இ-இன்வாய்ஸ்ல ஒரு நல்ல ஏற்பாடு இருக்கு. ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஐஆர்என்னு 64 எழுத்துல ஒரு எண் கிடைக்கும். விக்கிறவரோட ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் இந்த நாலையும் ஹாஷ் பண்ணி வர்ற எண் அது. அதே இன்வாய்ஸை ரெண்டாவது தடவை அனுப்பினா அதே ஹாஷ்தான் வரும். உடனே "டூப்ளிகேட் ஐஆர்என்"னு 2150-ங்கிற எரர் கோட் வரும். இதைப் பார்த்து பதறக் கூடாது, சந்தோஷப்படணும். முதல் தடவையே போயிடுச்சுன்னு அர்த்தம். ஆவண விவரத்தைக் கொடுத்து அந்த ஐஆர்என்னைத் திரும்ப வாங்க தனி ஏபிஐயும் இருக்கு. ஒரே வேலையை எத்தனை தடவை கேட்டாலும் ஒரு தடவைதான் நடக்கணும்ங்கிற இந்தக் குணத்துக்குப் பேரு ஐடெம்பொடன்ஸி.

ஆனா இந்தப் பாதுகாப்பை நம்ம சாஃப்ட்வேரே உடைச்சுட முடியும். நான் பார்த்த ஒரு சாஃப்ட்வேர்ல டைம்அவுட் ஆனா, அது ஒரு புது இன்வாய்ஸ் எண்ணைப் போட்டு திரும்ப அனுப்பும். எண் மாறினா ஹாஷ் மாறும். ஹாஷ் மாறினா அரசாங்கத்துக்கு அது வேற பில். ஒரே லோடுக்கு ரெண்டு பில். ஐஆர்என்னைத் திருத்த முடியாது, 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம், அவ்வளவுதான். அதுக்கு ஒரு இ-வே பில் உயிரோட இருந்தா, முதல்ல அதைக் கேன்சல் பண்ணணும். கேன்சல் பண்ண இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

அதனால அனுப்பறதுக்கு முன்னாடியே எண்ணை முடிவு பண்ணி, நம்ம டேட்டாபேஸ்ல எழுதிட்டு, அப்புறம்தான் அனுப்பணும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண். ஒரே ஒரு வரி கோட் வரிசைதான், ஆனா அதுதான் எல்லாத்தையும் காப்பாத்தும்.

வண்டி மாறும்போது

இ-வே பில்லுல ரெண்டு பாகம். முதல் பாகத்துல சரக்கு, ரெண்டாவதுல வண்டி நம்பர். குடோன்ல பில் போடும்போது ஒரு வண்டி சொல்லியிருப்பாங்க. அது பஞ்சர், இல்லன்னா இன்னும் துறைமுகத்து க்யூவுலயே நிக்குது. வேற வண்டி வரும். இந்த மாற்றம் யாருக்கு முதல்ல தெரியும்? ஈஆர்பிக்கு இல்ல, கேட்ல இருக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு. அவர் நோட்டுல எழுதுவார். நோட்டுக்கு ஏபிஐ கிடையாது.

லாரி கோயம்புத்தூர் ரோட்டுல போகும்போது செக்கிங்ல நிறுத்தறாங்க. நம்பர்ல ஒண்ணு ரெண்டு எழுத்துதான் தப்புன்னா, 2018 செப்டம்பர் 14-ல வந்த சுற்றறிக்கைப்படி மத்திய ஜிஎஸ்டிக்கு 500, மாநில ஜிஎஸ்டிக்கு 500 அபராதத்தோட முடியும். வண்டியே வேறன்னா அந்தச் சலுகைக்குள்ள வராது. 129-ஆவது பிரிவுல நடவடிக்கை எடுக்க இடம் இருக்கு. சரக்கோட சொந்தக்காரர் முன்வந்தா வரியைப் போல ரெண்டு மடங்கு அபராதம். 10 லட்ச ரூபா சரக்கு, 18 சதவீதம் வரின்னா வரி 1,80,000. அபராதம் 3,60,000.

பணம் கம்பெனி கட்டும். ஆனா ரோட்டோரமா லுங்கியைக் கட்டிக்கிட்டு ரெண்டு நாள் காத்திருக்கிறது டிரைவர். நம்ம பக்கம் பல பேருக்கு வருமானம் டிரிப் கணக்குதான். நிக்கிற நேரத்துக்குக் காசு இல்ல. நம்ம சீக்வென்ஸ் டயகிராம்ல அவருக்கு ஒரு பெட்டிகூட கிடையாது. "ரிக்வெஸ்ட் பெண்டிங்"னு ஸ்க்ரீன்ல ஓடறப்போ உண்மையில பெண்டிங்ல இருக்கிறது அவர்தான்.

இதுக்குத் தீர்வு பெரிய டெக்னாலஜி இல்ல. கேட்ல ஒரு டேப்லெட். வெளிய போற வண்டி நம்பரை செக்யூரிட்டி அதுல போடறார். பில்லுல இருக்கிற நம்பரோட ஒத்துப்போகலைன்னா, கேட் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டாவது பாகத்தை அப்டேட் பண்ற ஏபிஐ ஓடும். வண்டி நம்பர் உண்மையா, ஃபிட்னஸ் இருக்கான்னு பார்க்க யூலிப் இருக்கு. இன்சூரன்ஸ் யூலிப் இல்லீங்க. 2022 செப்டம்பர் 17-ல தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோட வந்த அரசாங்கத் தளம். வண்டிப் பதிவுக்கு வாகன், லைசென்ஸுக்கு சாரதி, டோல் பிளாசா தாண்டற விவரத்துக்கு ஃபாஸ்டேக், கஸ்டம்ஸுக்கு ஐஸ்கேட்னு பல சிஸ்டங்களை ஒரே இடத்துல இருந்து கேக்கலாம்.

ஏபிஐயே வேண்டாத இடம்

எல்லாத்துக்கும் வெளிய போய் கேக்கணும்னும் இல்ல. கன்டெய்னர் நம்பரை எடுத்துக்கோங்க. நாலு எழுத்து, ஆறு எண், கடைசியா ஒரு சரிபார்ப்பு எண். எழுத்துக்கெல்லாம் ஒரு மதிப்பு உண்டு. ஒவ்வொண்ணையும் 1, 2, 4, 8-னு இரட்டிச்சுப் போற எண்ணால பெருக்கி, கூட்டி, 11-ஆல வகுத்தா வர்ற மீதிதான் அந்தக் கடைசி எண். மீதி 10 வந்தா 0-னு எழுதணும்.

சிஎஸ்க்யூயூ 305438-க்குக் கூட்டினா 6185. 11-ஆல வகுத்தா மீதி 3. அதனால பெட்டியில 3-னு போட்டிருக்கும். அவசரத்துல 43-ஐ 34-னு மாத்தி அடிச்சுட்டா கூட்டுத்தொகை 6313 ஆகும். மீதி 10, அதாவது 0. பெட்டியில 3 இருக்கு, கணக்குல 0 வருது, தப்புன்னு அங்கேயே தெரிஞ்சுடும். நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம், பத்து வரி கோட் போதும். ஆனாலும் வெறும் டெக்ஸ்ட் பாக்ஸா விட்டிருக்கிற ஸ்க்ரீன்களை நிறைய பார்க்கிறேன்.

கையால செய்யறதுக்கும் ஒரு வழி

கடைசியா ஒண்ணு. போர்ட்டல் டவுன் ஆகும். நெட் போகும். மழை வந்தா நம்ம ஏரியாவுல கரண்டும் போகும். அப்போ கிளார்க் போன்ல போர்ட்டலைத் திறந்து கையாலயே பில் போடுவார். அதைத் தடுக்காதீங்க, அதுக்கு ஒரு ஸ்க்ரீன் கொடுங்க: "கையால போட்டாச்சு, நம்பர் இது." அந்த ஸ்க்ரீன் இல்லன்னா, நெட் திரும்பினதும் க்யூவுல இருக்கிற பழைய ரிக்வெஸ்ட் கிளம்பிப் போய், அவர் சரியா போட்டதைக் குழப்பிடும். இருபது வருஷம் அந்த மேசையில உட்கார்ந்தவருக்குத் தெரிஞ்சது நம்ம லாக் ஃபைலுக்குத் தெரியாது. ஸ்பெக் எழுதறதுக்கு முன்னாடி அவரோட ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து பாருங்க.

நீங்க இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல இருந்தா, நாளைக்கு மீட்டிங்ல மூணு கேள்வி கேளுங்க. இந்தத் தகவலுக்கு முதலாளி யாரு? பதில் வரலைன்னா அதே எண்ணோடதான் திரும்ப அனுப்பறோமா? அது வரைக்கும் வெளிய காத்திருக்கிறது யாரு, அவருக்கு யார் போய் சொல்றது? மூணாவது கேள்விக்கு ஒரு ஆள் பேரைச் சொல்லச் சொல்லுங்க. பேர் வரலைன்னா டிசைன் இன்னும் முடியல.

உங்க குடோன்ல, யார்டுல இது எப்படி நடக்குதுன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. டிரைவர் அண்ணன்மாரும் அனுப்பலாம், கண்டிப்பா அனுப்பணும். அடுத்த எபிசோட்ல அதுல இருந்தே பேசுவோம்.