பெயின்ட்டைப் பார்க்காதீங்க, தட்டிப் பாருங்க: ஒரு பழைய பிக்கப்போட பின்பாதி கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பழைய வண்டி என்ன ஆச்சு?" சரி, இன்னிக்கு அதைச் சொல்லிடறேன். முழு வண்டியும் இல்லை, அதோட பின்பாதி மட்டும்.

புதுசா கேக்கறவங்களுக்கு: நான் இருக்கறது அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட் பக்கம். வண்டி, 1971 மாடல் செவர்லே சி10 பிக்கப். 1967லேர்ந்து 1972 வரைக்கும் வந்த அந்த மாடலுக்கு இங்க தனி ரசிகர் கூட்டமே இருக்கு. நான் வாங்கும்போது பெயின்ட் பளபளன்னு இருந்துச்சு. குனிஞ்சு அடியில பார்த்தேன். சேசிஸ் முழுக்கக் கறுப்பா, தார் பூசின மாதிரி ஒரு கோட்டிங். நல்லா பராமரிச்சிருக்காங்கன்னு சந்தோஷப்பட்டேன்.

பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். வெல்டரா வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பெயின்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துட்டார். முன்பக்கத்துலேர்ந்து தட்டிக்கிட்டே போனார். டங், டங்னு மணி மாதிரி சத்தம். பின்சக்கரம் பக்கம் போனதும் சத்தம் 'தொப்'னு மாறுச்சு. அடுத்த தட்டுல சுத்தியல் உள்ள போயிடுச்சு. அங்க கோட்டிங் மட்டும்தான் இருந்துச்சு, இரும்பு இல்லை.

ஏன் பின்பக்கம் மட்டும் இப்படி ஆகுது? சேசிஸை ஒரு ஏணியைப் படுக்க வச்ச மாதிரி நினைச்சுக்கோங்க. ரெண்டு நீளச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள். நீளச் சட்டத்தைக் குறுக்கா வெட்டிப் பார்த்தா, 'ப' எழுத்தைப் பக்கவாட்டுல சாய்ச்ச மாதிரி இருக்கும். சக்கரம் வாரி அடிக்கற சேறும் தண்ணியும் அந்தக் கீழ் மடிப்புல போய்த் தங்கும். இங்க குளிர்காலத்துல பனி உருகணும்னு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில, ஆயிரம் அடிக்கும் கீழ, பெரிய உப்புச் சுரங்கமே இருக்கு. வண்டி செஞ்சு பேர் வாங்கின ஊரு, வண்டியைத் தின்கற உப்பு மேலேயே உட்கார்ந்திருக்கு!

குறுக்குச் சட்டங்களை ரிவெட் அடிச்சுச் சேர்த்திருப்பாங்க. ரெண்டு தகடுக்கு நடுவுல உப்புத்தண்ணி இறங்கினா, அங்க துரு ஆரம்பிக்கும். துருவுக்கு இரும்பை விட அதிக இடம் வேணும். அதனால அது உப்பி, ரெண்டு தகட்டையும் பிரிச்சுத் தள்ளும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது.

என் முதல் யோசனை என்ன தெரியுமா? ஓட்டை மேல ஒரு தகடு வச்சு ஒட்டுப் போட்டுடலாம். பெரியவர் ஒரே வார்த்தைதான் கேட்டார்: "அந்தத் தகட்டை எதுல வெல்டிங் பண்ணுவ?" அழுகின இரும்பு மேல போட்ட வெல்டிங் எதையும் பிடிக்காது. பின்பெட்டி, அதுல ஏத்தற லோடு, பின் ஸ்பிரிங்கோட மேல்முனை, பம்பர், எல்லாத்தையும் தாங்கறது அந்த இடம்தான். அன்னிக்கு ராத்திரி வீட்டுல கேட்டாங்க, "இதுல பையனை உட்கார வச்சு ஓட்டுவீங்களா?" என்னால உடனே பதில் சொல்ல முடியலை.

முடிவு பண்ணோம். வறண்ட அரிசோனாவுல ஓடின அதே மாடல் வண்டியோட பின் சேசிஸை வாங்கினேன். இதுல ஒரு விஷயம் பார்க்கணும். இந்த வண்டியில குட்டைப் பெட்டிக்கு சக்கர இடைவெளி 115 இன்ச், நீளப் பெட்டிக்கு 127 இன்ச். மாத்தி வாங்கினா தலைவலி.

முதல் வேலை, பேட்டரியைக் கழட்டறது. அப்புறம் பெட்ரோல் டேங்க். இந்த மாடல்ல டேங்க் எங்க இருக்கும் தெரியுமா? கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னாடி! அதை வெளிய எடுத்துத் தூரமா வைக்காம வெல்டிங்கைத் தொடவே கூடாது.

அடுத்தது, அளவு. ஊர்ல வீடு கட்டும்போது கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடிச்சுப் பார்ப்பாரே, அதேதான். ரசமட்டம் வச்சு வண்டியை நேரா நிறுத்தி, சேசிஸ்ல இருக்கற ஒவ்வொரு முக்கிய ஓட்டையிலேர்ந்தும் தூக்குக்குண்டு விட்டு, தரையில சாக்பீஸால குறிச்சோம். அழுகின சட்டம்தான், ஆனா எது எங்க இருக்கணும்ங்கறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அறுத்துப் போட்டுட்டா அந்தச் சாட்சியும் போயிடும்.

கேபினுக்குப் பின்னாடி, நல்ல இரும்பு இருக்கற நேரான பகுதியில அறுத்தோம். நெட்டுக்குத்தா ஒரே கோட்டுல அறுக்கக் கூடாது. படிக்கட்டு மாதிரி அறுத்தா ஒரே இடத்துல மொத்த பாரமும் விழாது. உள்பக்கம் ஒரு தாங்கு தகடு. அதோட முனைகளையும் சாய்வா வெட்டணும்.

இங்கதான் நான் சொதப்பினேன். பெரியவர் ஊருக்குப் போயிருந்தார். எனக்கு அவசரம். ஒரு பக்கத்தை ஒரே மூச்சுல முழுசா வெல்டிங் பண்ணிட்டேன். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்துல இருக்கறதையும் இழுக்கும். மூலைக்கு மூலை அளந்தா அரை இன்ச் வித்தியாசம். பின் அச்சை முன்னாடிலேர்ந்து ரெண்டு நீளக் கைகள் பிடிச்சிருக்கறதால, அது நேராத்தான் இருந்துச்சு. ஆனா பெட்டி கோணலா உட்கார்ந்துச்சு, ஸ்பிரிங் சாய்ஞ்சு நின்னுச்சு.

உண்மையைச் சொல்றேன், மறைச்சுடலாமான்னு யோசிச்சேன். பெட்டியோட போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கினா யாருக்கும் தெரியாது. அப்போதான் அந்தக் கறுப்புக் கோட்டிங் ஞாபகம் வந்துச்சு. எனக்கு முன்னாடி யாரோ ஒருத்தரும் இப்படித்தானே நினைச்சிருப்பார்?

மறுபடி அறுத்தேன். பெரியவர் திரும்பி வந்ததும், இந்தத் தடவை அங்கங்க புள்ளி வச்சு, ஒரு இன்ச் இங்க, ஒரு இன்ச் அந்தப் பக்கம்னு மாத்தி மாத்தி, ஆற விட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து முடிச்சோம். ரெண்டு வார இறுதி கூடுதலா போச்சு. கடைசியா உள்பக்கமெல்லாம் மெழுகு அடிச்சோம், தண்ணி தங்காம இருக்க.

ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுட்டு லாரி சேசிஸ்ல கை வச்சுடாதீங்க. பல கனரக லாரிகளோட சட்டம் சூட்டுல பதப்படுத்தின இரும்பு. வெல்டிங் சூடு பட்டா வலுவே போயிடும்.

பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளும் ஏணி சேசிஸ் மேல நிக்கறவைதான். செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறீங்கன்னா, ஓனர்கிட்ட கேட்டுட்டு, ஒரு சின்னச் சுத்தியலோட அடியில படுத்துப் பாருங்க. புதுசா கறுப்பு அடிச்ச இடத்துல ரெண்டு தட்டு கூடத் தட்டுங்க.

போன ஞாயித்துக்கிழமை பையன் முன்சீட்டுல உட்கார்ந்தான். கடை வரைக்கும் போயிட்டு வந்தோம். அடுத்த வாரம் பிரேக் கதை. பார்க்கலாம் மக்களே.