தாய்ப்பாலைப் பீய்ச்சி வைத்துப் புகட்டல்

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆடவரும் கூடியுள்ள சபையில் இவ்விஷயத்தைப் பேசலாமோ என்று நம்மவர் சிலர் தயங்கியதாக அறிகிறோம். பசுவுக்குப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் எவ்வளவு வைத்தால் எத்தனை படி கறக்கும் என்பதைத் திண்ணையில் அமர்ந்து ஒரு பொழுதெல்லாம் பேச வல்ல நாம், பெற்ற சிசுவின் ஆகாரத்தைப் பற்றி அரை நாழிகை பேசுவதில் நாணத்துக்கு இடமேது?

முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா; அதன்பின் மற்ற உணவுடன் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. நம் பெண்மக்களோ இப்போது பள்ளியிலும் வங்கியிலும் ஆலையிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். 1961ஆம் வருஷத்து மகப்பேற்று நலச் சட்டம் 2017இல் திருத்தப்பெற்று, 12 வாரமாயிருந்த விடுமுறை முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. மகிழத்தக்கதே. எனினும், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னரே எடுத்துக்கொள்ள இடமுண்டு. அங்ஙனம் எடுத்தவளுக்கு எஞ்சுவது 18 வாரம், அஃதாவது நாலு மாதமும் சில நாளுமே. சிறு கடைகளிலும் தினக்கூலியிலும் உழைப்போருக்கு அதுவும் எட்டுவதில்லை. ஆறு மாதத்துக்கும் நாலு மாதத்துக்கும் இடையிலுள்ள இப்பள்ளத்திலேதான் நம் குழந்தைகள் பலர் டப்பாப் பாலில் விழுகின்றனர்.

நம் அங்கத்தினர் இல்லமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்வோம். ஆசிரியையான மருமகள் நாலாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். பகல் பதினொரு மணிக்கெல்லாம் மார்பு கனத்து ரவிக்கை நனையும். ஒதுங்க இடமின்றிக் கழிப்பறையில் நின்று பாலைப் பிழிந்து தரையில் விட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். வீட்டிலோ அதே வேளையில் பாட்டியார் டப்பாப் பாலைக் கரைத்துக்கொண்டிருப்பார். பால் கட்டிக் காய்ச்சல் வந்தது; ஒரு மாதத்துக்குள் சுரப்பும் வற்றியது. வேலையை விடுவதா, பாலை விடுவதா என்று அவள் அழுதாளேயன்றி, இரண்டையும் விடாதிருக்க வழியுண்டென்று அவளுக்குச் சொல்வார் ஒருவருமில்லை.

பால் சுரப்பின் தத்துவம் நம் கிணற்றின் தத்துவமே. இறைக்க இறைக்க ஊறும். இறையாது விட்டால் ஊற்று அடங்கும். மார்பில் தேங்கிய பால் தானே மேற்சுரப்பைத் தடுக்கிறது. சிசுவை இழந்த தாய்க்குப் பால் வற்றும்பொருட்டு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிய நம் பாட்டிமார் சுரப்பை அடக்கும் வழியை அறிந்திருந்தனர். பிள்ளை உயிரோடிருக்கும் தாயின் சுரப்பைக் காக்கும் வழியையும் நாம் அறிதல் வேண்டும். குழந்தையைப் பிரிந்திருக்கும் வேளையில் மூன்று மணிக்கொருமுறை பாலை எடுத்துவிடுதலே அவ்வழி.

இதற்கு யந்திரம் உண்டு. ஆயினும் கையே போதும். கையைச் சவுக்காரமிட்டுக் கழுவுக. கட்டை விரலைக் காம்புக்கு மேற்புறம் ஓரங்குலத்துக்குச் சற்று அப்பாலும், மற்ற விரல்களை அதற்கு நேர் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கம் உள்நோக்கி அழுத்தி, பின் விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விடுக. காம்பைப் பிடித்து இழுத்தல் கூடாது. தோலின்மேல் விரலைத் தேய்த்தலும் கூடாது. முதலிற் சொட்டாகத்தான் வரும். சற்றுப் பொறுத்தால் பீறிட்டு வரும். விரல்களை இடம் மாற்றிச் சுற்றிலும் அமுக்குக. நோவெடுத்தால் முறை தவறிற்று என்று பொருள்.

எடுத்த பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, நாளும் மணியும் எழுதி ஒட்டுக. 25 பாகை வெப்பத்துக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் வைக்கலாம் என்பர். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அக்கணக்கு ஒவ்வாது. கூடிய விரைவில் குளிர்ப்பெட்டியில் சேர்ப்பதே உசிதம். அங்கே, கதவிலன்று, உட்புறத்தில் வைத்தால் 4 நாள் கெடாது. உறையறையில் 6 மாதம் வரை நன்றாயிருக்கும். உறையும்போது பால் பெருகுமாதலால் பாத்திரத்தை நிரப்பலாகாது. ஒரு வேளைக்கு ஆவதை மட்டும் சிறிது சிறிதாக வைத்தால் வீணாகாது. உறைந்ததை இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் செலவிடுக. மறுபடி உறையவைத்தல் ஆகாது.

வைத்த பாலில் ஆடைபோல் கொழுப்பு மேலே மிதப்பதைக் கண்டு திரிந்ததென்று கொட்டிவிடுவோர் உளர். மெல்ல அசைத்தால் கலந்துவிடும். அடுப்பிலேற்றிக் காய்ச்சுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் தவறு. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினாற் போதும். புகட்டுவதற்குப் புட்டி வேண்டா. நம் பாலாடை இருக்கிறதே! பரணில் தூக்கிப் போட்ட அச்சிறு கலத்தைக் குறைமாதச் சிசுக்களுக்காக மருத்துவமனைகள் எடுத்தாள்கின்றன. ஆங்கில வைத்திய நூல்களிலும் அதன் பெயர் பாலாடைதான்.

இனி, மாமியார்மார் கூறும் ஆட்சேபங்கள். குளிர்ப்பெட்டிப் பால் சளி பிடிக்கும் என்பது ஒன்று. சளி கிருமியால் வருவது. பாலின் குளிர்ச்சியால் வருவதன்று. கறந்த பாலைப் பிறர் கண்டால் கண்ணேறு படும் என்பது மற்றொன்று. அங்ஙனமாயின் மூடி வைக்கட்டும். ஈக்கும் அதுவே தடை. தோசை மாவுக்கருகில் அதை வைக்கலாமா, தீட்டன்றோ என்பாருக்கு நாம் கூறுவது, மருமகளின் மார்பில் சுத்தமாயிருந்தது கிண்ணத்தில் எங்ஙனம் அசுத்தமாயிற்று என்பதே.

பிறர் குழந்தைக்கும் உதவுமாறு பாலைச் சேமிக்கும் பால் வங்கிகளும் உண்டு. உலகில் முதலாவது 1909இல் வியன்னாவில் தோன்றியது. ஆசியாவில் முதலாவது 1989இல் பம்பாய்ச் சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் தொடங்கியது. கொடுக்கும் தாயரின் இரத்தத்தைப் பரிசோதித்து, பாலை 62.5 பாகையில் 30 நிமிஷம் சூடாக்கிக் காக்கின்றனர். எடை குறைந்து பிறந்த சிசுவின் குடல் அழுகும் கொடுநோயை இப்பால் பெரிதும் தடுக்கிறது. "எக்குலத்தாள் பாலோ?" என்று நம் சங்கத்திலேயே ஒருவர் கேட்டார். பல தாயரின் பாலை ஒன்றாய்க் கலப்பதும் அங்கே வழக்கம். ஆதலால் அக்கேள்விக்கு விடையில்லை. ஒரு கிலோவும் தேறாத பேரனைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்திவிட்டு வெளியில் நிற்கும் பாட்டனாருக்கு அக்கேள்வி தோன்றுமென்று நாம் எண்ணவில்லை. நம் பெண்களில் பால் மிகுந்தோர் அங்குக் கொடுக்க முன்வரல் வேண்டும்.

தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இல் திறக்கப்பெற்றன. நம் சங்கக் கல்யாண மண்டபத்திலோ மணமகன் அறையும் மணமகள் அறையும் சீட்டாடுவோர் கூடமும் உள. கைக்குழந்தைக்காரி ஒதுங்க ஓர் இடமில்லை. மாடிப்படிக்குக் கீழுள்ள சாமான் அறையைக் காலி செய்து, உட்புறம் தாழ்ப்பாளும், சாய்வு நாற்காலி இரண்டும், கை கழுவக் குழாயும், சிறு குளிர்ப்பெட்டி ஒன்றும் அமைக்க வேண்டுமென்ற தீர்மானத்தைக் காரியக் கமிட்டியின் முன் வைக்கிறோம். செலவுத் திட்டத்தைப் பொக்கிஷதார் அடுத்த கூட்டத்தில் படிப்பாராக. குளிர்ப்பெட்டிக்கு ஆகும் தொகையை மாதர் பகுதியினர் தாமே திரட்டித் தருவதாக இசைந்துள்ளனர்.