குழந்தையின் வாயும் இரவின் மூச்சும்

(ஊராட்சி ஒன்றிய அளவில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலகம் என்றதும் மக்கள் நினைவுக்கு வருவன சாலையும், குடிநீர்த் தொட்டியும், தொகுப்பு வீடுமே. குழந்தையின் பல்லைப் பற்றிப் பேசுவதற்கு இவ்வலுவலகத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றபோதே, வேளாண்மையோடும் சாலையோடும் சுகாதாரமும் கல்வியும் அதன் அங்கங்களாக வைக்கப்பட்டன. மேலும், இப்பொருளைப் பற்றிப் பேச வேண்டிய கடன் ஒன்று நமக்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சத்துணவுக் கூடம் ஒன்றைப் பார்வையிட ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குச் சென்றிருந்தோம். காலை பத்து மணி. மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் வாயைத் திறந்தபடி பலகையின்மீது தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி, “பள்ளிக்கூடம் தூங்குவதற்கா?” என்று எல்லோரும் கேட்கக் கடிந்துகொண்டோம். பிள்ளைகள் சிரித்தனர். “இவன் எப்போதும் இப்படித்தான்; சற்று மந்தம்” என்றார் ஆசிரியர். நாமும் அதை நம்பி வந்துவிட்டோம்.

பின்னர் அப்பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர், அவனுடைய கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகி இருப்பதைக் கண்டு, வட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பினர். அங்கிருந்த பல் மருத்துவர் சொத்தையை மட்டும் பார்க்கவில்லை. எந்நேரமும் மூடாத உதடுகளையும், வில்வளைவுபோல் உயர்ந்து குறுகிய மேலண்ணத்தையும், நெருக்கியடித்து நின்ற மேல் வரிசைப் பற்களையும் பார்த்தார். தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இரவில் இவன் எப்படித் தூங்குகிறான்?”

“நல்லாத் தூங்குவான் டாக்டரம்மா. அவங்க அப்பா மாதிரியே குறட்டை விடுவான். நடு ராத்திரியில் மூச்சு நின்னு நின்னு வரும். படுக்கையையும் நனைச்சிடுவான்” என்றார் அத்தாய்.

அச்சிறுவன் மந்தமானவன் அல்லன். இரவு முழுதும் மூச்சுக்காகப் போராடிக் களைத்துப்போய்ப் பள்ளிக்கு வந்தவன்.

மூக்கும் வாயும்

மூச்சு விடுவதற்கென அமைந்தது மூக்கு. அது காற்றிலுள்ள தூசியை வடிகட்டி, வெப்பமும் ஈரமும் சேர்த்து உள்ளே அனுப்புகிறது. வாய்க்கு அத்திறன் இல்லை. மூக்கின் பின்புறத்தில் அடினாய்டு என்னும் சதையும், தொண்டையின் இருபுறமும் டான்சில் என்னும் சதையும் உள்ளன. இரண்டு முதல் எட்டு வயது வரை இவை சுவாசப் பாதையின் அளவை நோக்கப் பெருத்திருப்பது உண்டு. மிகையாகப் பெருத்தால் காற்று செல்லும் வழி அடைபடும். பகலில் குழந்தை வாயால் மூச்சு விட்டுச் சமாளித்துக்கொள்ளும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது வழி மேலும் குறுகிக் குறட்டை உண்டாகிறது. சில வேளைகளில் மூச்சு சிறிது நேரம் தடைபட்டே போகிறது. உடனே மூளை குழந்தையை அரைகுறையாக எழுப்பிவிடும். இவ்வாறு ஓர் இரவில் பலமுறை நேர்ந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உறங்கியதாகாது.

இதற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு? வாயின் கூரையாகிய மேலண்ணமே மூக்கின் தரையாகும். வாய் மூடியிருக்கையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நின்று, மேல்தாடை அகன்று வளரத் துணைசெய்கிறது. வாய் எந்நேரமும் திறந்திருந்தால் நாக்கு கீழே தாழ்ந்துவிடும்; கன்னங்களின் அழுத்தம் மட்டுமே எஞ்சும். மேல்தாடை குறுகி, அண்ணம் உயர்ந்து, பற்கள் நெருக்கியடித்தோ முன்துருத்தியோ நிற்கும். கூரை குறுகினால் அதன் மேலுள்ள மூக்கின் அறையும் குறுகும். மூச்சுத் தடை தாடையைக் கெடுக்க, கெட்ட தாடை மூச்சை மேலும் தடுக்கிறது. வாய் உலர்ந்துபோவதால் உமிழ்நீரின் காவல் குறைந்து, ஈறு வீக்கமும் சொத்தையும் எளிதில் வந்து சேர்கின்றன.

பெரியவர் உறக்கம் கெட்டால் சோர்ந்து கிடப்பார். குழந்தைகளிற் பலர் அவ்வாறன்றி ஓயாத துடிப்பும், எரிச்சலும், கவனச் சிதறலும் காட்டுவர். ஆகவே ‘அடங்காப் பிள்ளை’ என்று நாம் பெயரிட்டவர்களிலும் சரியாக உறங்காத குழந்தைகள் இருக்கலாம்.

“பால் பல்தானே!”

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: “பால் பல்தானே, விழுந்துவிடும்.” இச்சொல்லால் விளையும் தீங்கு சிறிதன்று. பால் பற்கள் இருபது. ஆறாம் மாதமளவில் முளைக்கத் தொடங்கி இரண்டரை வயதில் நிறைவுறும். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நின்று உழைக்க வேண்டியவை. பின்னர் வரும் நிலைத்த பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவையே. சொத்தையால் அவற்றைக் காலத்துக்கு முன் இழந்தால், பக்கத்துப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாக முளைக்கும்.

சொத்தைப் பல்லின் வலி இரவில் மிகுவது பலரும் அறிந்ததே. வலிக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கத்தால் அரைகுறையாக மென்று, உறக்கமும் கெட்டு வளரும் குழந்தைக்கு எடை ஏறுவதும் கடினம். ‘பல் பூச்சி எடுக்கிறோம்’ என்று ஊர் சுற்றி வருவோர் காட்டும் புழு பல்லில் இருந்து வந்ததன்று. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சர்க்கரையை உண்டு உண்டாக்கும் அமிலமே பல்லை அரிக்கிறது. அத்தகையோரிடம் குழந்தையின் வாயைத் திறந்து காட்டாதீர்கள்.

பல் மருத்துவர் செய்யக்கூடியவை

குழந்தையின் வாயை முழுமையாகத் திறந்து பார்ப்பவர் பல் மருத்துவரே. ஆதலால் மூச்சுத் தடையின் அடையாளங்களை முதலில் காணும் வாய்ப்பும் அவருக்கு உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், உறக்கத்தில் மூச்சுத் தடை உள்ளதா என்று நோயாளிகளை விசாரித்துப் பார்ப்பது பல் மருத்துவரின் கடமை என 2017-இல் கொள்கையாகவே அறிவித்தது.

எனினும் எல்லாவற்றையும் பல் மருத்துவரே தீர்த்துவிடுவார் என்று கருத வேண்டா. அடினாய்டும் டான்சிலும் பெருத்திருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரே பார்க்க வேண்டும். அவசியமானால் அறுவைச் சிகிச்சை செய்வார். மூக்கில் ஒவ்வாமை இருந்தால் அதற்கு மருந்து உண்டு. மேல்தாடை குறுகியிருக்கும் குழந்தைகளிற் சிலருக்கு, அண்ணத்தை மெல்ல விரிக்கும் கருவியைப் பல் சீரமைப்பு மருத்துவர் பொருத்துவார். அண்ணத்தின் இரு பாதிகளும் சிறு வயதில் இறுகப் பொருந்துவதில்லை. ஆகவே பருவமடையும் முன்னரே இது எளிதாக நடைபெறும், பின்னர் கடினமாகும். ஏழு வயதிலேயே பல் வரிசையை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது என்று மருத்துவர்கள் கூறுவதன் காரணமும் இதுவே. யாருக்கு எது தேவை என்பதை மருத்துவர்கள் கலந்து முடிவு செய்வார்கள். கடையில் விற்கும் கருவிகளை நாமே வாங்கி மாட்டுவதும், வாயில் ஒட்டுத்தாள் ஒட்டி உறங்க வைப்பதும் ஆபத்தானவை.

மிகையான வாக்கும் கொடுக்கக் கூடாது. 2013-இல் அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயதுள்ள 464 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. ஏழு மாதங்களுக்குப் பின், அறுவைச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 79 பேருக்கு உறக்க மூச்சு சீரடைந்தது. காத்திருந்தோரில் 46 பேருக்குத் தானாகவே சீரடைந்தது. சிகிச்சை பெற்றோரின் நடத்தையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. கவனத்தை அளக்கும் தேர்வில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே சிகிச்சை செய்தால் பிள்ளை முதல் மாணவனாகிவிடுவான் என்று நாம் சொல்லவில்லை. அமைதியாக உறங்குவான் என்பதற்கே நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு குழந்தைக்கு அதுவே பெரும் பேறு அன்றோ?

வீட்டில் செய்யத் தக்கவை

முதலாவது, தாய்ப்பால். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பின்னர் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் கொடுப்பது தாடையின் வளர்ச்சிக்கும் உகந்தது.

இரண்டாவது, சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்க விடாதீர்கள். முன் பற்கள் கரைந்து கறுப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

மூன்றாவது, முதற்பல் முளைத்த நாள் தொட்டு இருவேளையும் துலக்குங்கள். இரவில் துலக்குவதே மிக முக்கியம். ஃபுளோரைடு உள்ள பற்பசை, மூன்று வயது வரை அரிசி அளவு, பின்னர் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். தருமபுரி, கிருஷ்ணகிரி போன்று நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதியினர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுதல் நலம். செங்கல் பொடியும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். ஏழு, எட்டு வயது வரை தாயோ தந்தையோ உடனிருந்து துலக்கிவிட வேண்டும்.

நான்காவது, விரல் சூப்பும் பழக்கத்தை நிலைத்த பற்கள் வருமுன் அன்பாகப் பேசி நிறுத்துங்கள். வேப்பெண்ணெய் தடவுவதும் அடிப்பதும் வேண்டா.

ஐந்தாவது, முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது

தாய்மார்களே, இன்றிரவு உங்கள் குழந்தை உறங்கியபின் சிறிது நேரம் அருகில் அமர்ந்து பாருங்கள். சளி, காய்ச்சல் இல்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வருகிறதா? மூச்சு நின்று பின் திணறி வருகிறதா? வாய் திறந்திருக்கிறதா? கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுக்கிறானா? பல்லை நறநறவென்று கடிக்கிறானா? விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் வந்திருக்கிறதா? காலையில் எழுப்ப முடியாமல் திண்டாடுகிறீர்களா? இவற்றுள் ஓரிரண்டு இருந்தாலும் அதை அங்கன்வாடிப் பணியாளரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். மூச்சு நின்று திணறுவதாயின் நாள் கடத்தாதீர்கள். குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று இனி எண்ணாதீர்கள்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரை மருத்துவக் குழுவினர் அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் வந்து பார்க்கின்றனர். மேற்சிகிச்சை தேவைப்படுவோர் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். குழு வரும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். ஆசிரியர்கள் வகுப்பில் உறங்கும் பிள்ளைகளின் பெயரை அன்று தனியே குறித்துக் கொடுக்க வேண்டுகிறோம். ஊராட்சித் தலைவர்கள், மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கப் பள்ளிக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்; அதுவும் பல் மருத்துவமே.

நாம் கடிந்துகொண்ட அச்சிறுவனுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அடினாய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. சொத்தைப் பற்களும் சரி செய்யப்பட்டன. அண்மையில் அவ்வூருக்குச் சென்றபோது, வகுப்பில் விழித்திருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் தாய், “இப்ப ராத்திரியில் சத்தமே இல்லைங்க, முதல்ல பயந்துபோய் மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்த்தேன்” என்றார். அன்று சொன்ன சொல்லுக்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவனுக்கு அது நினைவில்லை என்றான், நமக்கு இருக்கிறது.

இவ்வட்டாரத்தில் இன்னொரு குழந்தைக்கு அப்பெயர் சூட்டப்படாமல் காப்பது நம் எல்லோருடைய கடமையாகும்.