பாராட்டாக வரும் பழி



வாசகர் வட்டத்து நண்பர்கள் ‘அரசியலில் நாகரிகம்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வசவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். மேடையில் தரக்குறைவாகப் பேசுகிறவரை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். அதற்கு நான் வேண்டியதில்லை. நான் பேச வந்தது பாராட்டைப் பற்றி. எதிராளியைப் புகழ்ந்தே சாய்க்கிற பேச்சைப் பற்றி. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதைப் பற்றி.

2017-ஆம் ஆண்டு, பிப்ரவரி 8. மாநிலங்களவை. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது பிரதமர் நரேந்திர மோடி பதிலுரை ஆற்றுகிறார். முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்கைப் பற்றிப் பேச்சு வருகிறது. முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் நாட்டின் பொருளாதார முடிவுகளோடு நேரடியாகத் தொடர்புடையவர் என்கிறார். சுற்றிலும் இத்தனை ஊழல்கள் நடந்தும் அவர்மீது ஒரு கறைகூடப் படவில்லை என்கிறார். அரசியல்வாதிகளாகிய நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய என்கிறார். இதுவரை எல்லாம் புகழ்ச்சி. அடுத்த வரி என்ன? குளியலறையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குளிக்கிற கலை டாக்டர் சாகிப்புக்கு மட்டும்தான் தெரியும் என்பது. அவை சிரித்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு முன்கதை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாகப் பேசியவன் ஆகமாட்டேன். அதற்கு இரண்டரை மாதம் முன்னால், 2016 நவம்பர் 24 அன்று, அதே அவையில் மன்மோகன் சிங் பணமதிப்பு நீக்கத்தைப் பற்றிப் பேசினார். அது செயல்படுத்தப்பட்ட விதம் திட்டமிட்ட கொள்ளை, சட்டத்தின் பெயரால் நடந்த சூறையாடல் என்றார். நாட்டின் மொத்த உற்பத்தி இதனால் இரண்டு சதவீதம் அளவுக்குக் குறையக்கூடும் என்றார். மென்மையான மனிதர் வாயிலிருந்து வந்த கடுமையான சொற்கள். கேட்டவர்களுக்குக் கோபம் வந்திருக்கும், வருவது இயல்பு. ஆனால் அதை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. ஒரு கணக்கு இருக்கிறது. ‘நீங்கள் சொல்வது தவறு, இதோ என் கணக்கு’ என்று எதிர்த்தரப்பு எழுந்து நிற்க இடம் இருக்கிறது. காலம் போகப்போக யார் சொன்னது சரி என்று நாடு சரிபார்க்கவும் வழி இருக்கிறது.

மழைக்கோட்டில் என்ன இருக்கிறது? ஊழல் தெரிந்தே அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று அது சொல்கிறதா? சொல்கிறது. சொன்னாயா என்று கேட்டால்? இல்லை, கறை இல்லாதவர் என்றுதானே சொன்னேன் என்று பதில் வரும். எந்த ஊழல், எந்தக் கோப்பு, எந்தத் தேதி? எதுவும் இல்லை. புகழப்பட்டவர் எழுந்து எதை மறுப்பார்? தன் நேர்மையையா?

மாநிலங்களவை நடைமுறை விதிகளில் 238-ஏ என்று ஒரு விதி இருக்கிறது. அவையின் உறுப்பினர் ஒருவர்மீது அவதூறாகவோ குற்றம் சுமத்தும் வகையிலோ எதையும் சொல்வதாக இருந்தால், அவைத்தலைவருக்கும் தொடர்புடைய அமைச்சருக்கும் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். மக்களவையில் அதற்கு நிகரான விதி 353. விசாரித்துப் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்பதற்காக வைத்த விதிகள் இவை. எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் பாராட்டுக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்று உலகத்தில் எந்த அவையிலும் விதி கிடையாது. குற்றச்சாட்டுக்குப் பாராட்டு வேடம் போட்டு அனுப்பினால் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். என் ஆதங்கம் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

இங்கே தமிழாசிரியர்கள் இருக்கிறீர்கள். ‘வஞ்சப்புகழ்ச்சி நம் மொழியின் அணி ஆயிற்றே, ஔவையே செய்தது ஆயிற்றே’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேலே போகக்கூடாது.

தொண்டைமானின் படைக்கொட்டிலில் நடந்ததைப் பாருங்கள். அதியமானின் தூதாக ஔவை போயிருக்கிறாள். தன் படைக்கலங்களைப் பெருமையாகக் காட்டுகிறான் அரசன். மாலை சூட்டி, நெய் தடவி, காவல் போட்டு, அவை பளபளவென்று இருக்கின்றன. ஆகா, இவை எவ்வளவு அழகு என்கிறாள். எங்கள் அதியமானுடையவையோ முனை மழுங்கி, காம்பு உடைந்து, கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறாள். போர் பார்த்த ஆயுதம் எது, பார்க்காத ஆயுதம் எது என்று அவனுக்குப் புரிந்துபோகிறது. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான்.

அங்கே பேசியவள் யார்? படை இல்லாத, பதவி இல்லாத ஒரு புலவர். கேட்டவன் யார்? அரசன். அவன் வீட்டில், அவன் முகத்துக்கு நேரே, அவன் ஆட்கள் சூழ நின்று சொல்கிறாள். கோபம் வந்தால் அவள் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. சொன்ன சொல்லுக்கு ஆதாரம் கண்முன்னால் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறது. அவன் திரும்பிப் பார்த்தால் போதும். அத்தனைக்கும் மேலே, அவள் சொன்னது போரைத் தடுக்க. வலிமையில்லாதவர் வலிமையுள்ளவரிடம் உண்மையைச் சொல்ல அந்த ஒரு வழிதான் இருந்தது. நாற்காலியில் இருப்பவர் எதிரே இருப்பவரைப் பார்த்து அதே வழியில் பேசினால், அணி ஒன்றுதான், அறம் வேறு. ஔவையின் பெயரைச் சொல்லி அதற்கு நியாயம் தேடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இது நம் நாட்டு நோய் மட்டும் இல்லை. 1984 அக்டோபர் 21, அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி நகரம். அதிபர் ரீகனுக்கு வயது 73. எதிர்த்து நிற்கும் வால்டர் மாண்டேலுக்கு 56. முந்தைய விவாதத்தில் ரீகன் தடுமாறியிருந்தார். அதனால் ஒரு பத்திரிகையாளர் கேட்கிறார்: கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அதிபர் கென்னடி நாள்கணக்கில் சரியாகத் தூங்கவில்லையே, அப்படி ஒரு நேரம் வந்தால் உங்களால் தாங்க முடியுமா? அணு ஆயுதம் கையில் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. ரீகன் என்ன சொன்னார்? இந்தத் தேர்தலில் வயதை நான் ஒரு பிரச்சினை ஆக்கமாட்டேன். என் எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்தமாட்டேன் என்றார். அரங்கம் அதிர்ந்தது. மாண்டேலும் வாய்விட்டுச் சிரித்தார். செனட்டராகவும் துணை அதிபராகவும் இருந்தவர் அவர். அனுபவம் இல்லாதவர் என்று நேராகச் சொல்லியிருந்தால் எழுந்து பட்டியல் போட்டிருப்பார். பெருந்தன்மை என்ற உறையில் போட்டுக் கொடுத்ததால் சிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அன்றிரவே தன் தேர்தல் முடிந்துவிட்டது என்று தனக்குத் தெரிந்துவிட்டதாகப் பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவர் சொன்னார். ரீகன் 49 மாநிலங்களில் வென்றார். அதற்குப் பொருளாதாரம் முதலிய காரணங்கள் பல உண்டு. ஆனால் அந்தக் கேள்வி? சிரிப்புச் சத்தத்தில் அமுங்கிப்போனது அந்தக் கேள்விதான்.

இப்படிப்பட்ட பாராட்டுக்குப் பதிலே கிடையாதா? ஒரே ஒருவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. 1996 மே மாதக் கடைசி. வாஜ்பாயின் பதின்மூன்று நாள் அரசு கவிழப்போகிறது. நம்பிக்கைத் தீர்மானத்தின் மீது பேசுகிறார். வாஜ்பாய் நல்லவர், அவர் இருக்கிற கட்சிதான் சரியில்லை என்று எதிர்க்கட்சிகள் வருடக்கணக்காகச் சொல்லிவந்த காலம் அது. கேட்க மரியாதையாக இருக்கும். அதன் உள்நோக்கம், மனிதரையும் அவருடைய கொள்கையையும் பிரித்து இரண்டையும் செல்லாக்காசு ஆக்குவது. அவர் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. சரி, அந்த நல்ல வாஜ்பாயை என்ன செய்வதாக உத்தேசம் என்று அவையைப் பார்த்தே கேட்டார். அவர் கொள்கையில் எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. தனக்குப் போட்ட மாலையை அவிழ்த்து, அதற்குள் இருந்ததை எடுத்து எல்லோருக்கும் காட்டினார் பாருங்கள், அந்தத் துணிவைச் சொல்கிறேன்.

உண்மையான பாராட்டை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று மாணவர்கள் கேட்கலாம். அதற்கும் மன்மோகன் சிங்கிடமே வருகிறேன். 2024, அதே பிப்ரவரி 8, அதே மாநிலங்களவை, பேசுகிறவரும் அதே பிரதமர். ஓய்வு பெறும் உறுப்பினர்களுக்கு விடைகொடுக்கும் நாள். தோற்பது உறுதி என்று தெரிந்திருந்தும், சக்கர நாற்காலியில் வந்து மன்மோகன் சிங் வாக்களித்ததை எடுத்துச் சொல்லி, அவர் ஜனநாயகத்துக்கு வலு சேர்த்தார் என்றார். அந்த வாக்கு பிரதமரின் அரசு கொண்டுவந்த மசோதாவுக்கு எதிராகப் போட்ட வாக்கு! அதைப் பாராட்டினார். இதில் ஒரு செயல் இருக்கிறது. பார்த்த சாட்சிகள் இருக்கிறார்கள். 2017-இல் கேட்டதற்கு வருந்தியவன், இதை மனமாரப் போற்றவும் கடமைப்பட்டவன். நல்லவர், எளியவர், அப்பாவி என்று குணத்தை மட்டும் சொல்லிச் செயல் ஒன்றையும் சொல்லாத பாராட்டு வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

‘நேராகக் குற்றம் சொன்னால் உறவு கெடுமே ஐயா’ என்பார்கள். பெரியாரும் ராஜாஜியும் எப்படி எதிர்த்துக்கொண்டார்கள் என்று இந்த மண்ணுக்குத் தெரியும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லித் தாக்கினார் பெரியார். ‘ஆச்சாரியார் நல்லவர்தான், பாவம்’ என்ற பூச்சு அதில் இல்லை. அடுத்த ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் போய்க் கதறி அழுதார். வெளிப்படையாகச் செய்த சண்டை அந்த நட்பை ஒன்றும் செய்யவில்லை.

கடைசியாக நம் ஊர் விஷயம். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று 2016-இல் சட்டம் செய்தோம். நகர்மன்றங்களில் இன்று பாதிப்பேர் பெண்கள். பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து கூட்டங்களைக் கவனித்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். முதல்முறை உறுப்பினரான ஒரு பெண் எழுந்து, இந்தக் குடிநீர்க் குழாய் வேலைக்கு ஏன் ஒரே ஒரு டெண்டர் வந்திருக்கிறது, மதிப்பீட்டைவிடத் தொகை ஏன் கூடுதல் என்று கேட்கிறார். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுகிறார். ‘தங்கச்சி எவ்வளவு அழகாகக் கேட்குது பாருங்க. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, ரொம்ப நல்ல மனசு. யாரோ எழுதிக் கொடுத்ததைக்கூட அப்படியே தப்பில்லாம வாசிக்குது’ என்கிறார். மன்றம் சிரிக்கிறது. சிலர் மேசையையும் தட்டுகிறார்கள். தலைவர் அடுத்த பொருளுக்குப் போகிறார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்; சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்ற பெயர் வரும். டெண்டர் நிறைவேறிவிட்டது.

முன்வரிசையில் இருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களை, எல்லாக் கட்சியினரையும், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். எதிர்த்தரப்பில் தவறு தெரிந்தால் தவறு என்றே சொல்லுங்கள். தேதியோடு, தொகையோடு சொல்லுங்கள். அம்மா, உங்களைப் பாராட்டி உட்கார வைத்தால், நன்றி சொல்லிவிட்டு அதே கேள்வியை இன்னொரு தடவை கேளுங்கள். தலைவரே, என் கேள்வியும் பதிலும் கூட்டக் குறிப்பில் ஏறவேண்டும் என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு இந்த வாசகர் வட்டத்திலிருந்து பத்துப் பேராவது வந்து பார்வையாளர் இருக்கையில் உட்காருகிறோம். மன்றம் சிரித்தாலும் நாங்கள் சிரிக்கமாட்டோம்.